ஒரு வரி, பல கையேடுகள்

தண்ணீர் சுத்திகரிப்பான் விற்கும் நிறுவனம் ஒன்றுக்குப் பல்லாவரத்தில் சர்வீஸ் மையம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 2019 நவம்பர் நடுவில் அதன் கையேட்டில் ‘பல்லாவரம் நகராட்சி, காஞ்சிபுரம் மாவட்டம்’ என்று அச்சாகியிருந்தது சரியான முகவரிதான். அதே மாதம் 29-ஆம் தேதி செங்கல்பட்டு தனி மாவட்டமாகி, பல்லாவரத்தையும் தன்னோடு கொண்டுபோயிற்று. 2021 நவம்பர் 3 அன்று தாம்பரம் மாநகராட்சி பிறந்தபோது பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகியவற்றோடு பல்லாவரம் நகராட்சியும் அதில் கலந்தது. இரண்டே ஆண்டில் மாவட்டமும் போயிற்று, நகராட்சியும் போயிற்று. 600043 என்ற பின்கோடு மட்டும் அசையவில்லை.

அந்த முகவரி எட்டு ஆவணங்களில் இருக்கலாம். உபயோகிப்பவருக்கான கையேடு, பொருத்தும் முறைத் தாள், உத்தரவாத அட்டை, டீலர்களுக்கான சுற்றறிக்கை என்று எண்ணிக்கை சீக்கிரம் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றும் தமிழ், ஆங்கிலம், இந்தி என மூன்று மொழியில் வந்தால் 24 இடங்கள். இரண்டு முறை மாற்றினால் 48 திருத்தங்கள். அவற்றில் ஒன்றிரண்டு விட்டுப்போகத்தான் செய்யும். முகவரியில் பிழை என்றால் பின்கோட்டைப் பார்த்துத் தபால்காரர் சமாளித்துக்கொள்வார். விட்டுப்போனது ஃபியூஸின் ஆம்பியர் அளவாகவோ மின்கசிவு பற்றிய எச்சரிக்கையாகவோ இருந்தால் சமாளிக்க ஆளில்லை.

ஒரு தகவலை ஒரே இடத்தில் எழுதிவைத்து, அது தேவைப்படும் ஆவணங்கள் எல்லாம் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்படி அமைப்பதைத் தொழில்நுட்ப ஆவணத் துறையில் உள்ளடக்கப் பகிர்வு என்கிறார்கள். ஆவணத்துக்குள் அந்த உரை இருக்காது. உரை எங்கே இருக்கிறது என்று காட்டும் குறிப்பு மட்டும் இருக்கும். பி.டி.எஃப். கோப்பாகவோ இணையப் பக்கமாகவோ வெளியிடும் நேரத்தில் மென்பொருள் அந்தக் குறிப்பின் இடத்தில் உரையை நிரப்பிவிடும். மூலத்தில் ஒரு முறை திருத்தினால், அடுத்த முறை வெளியிடும்போது எல்லா ஆவணங்களிலும் திருத்தம் வந்து உட்கார்ந்துவிடும். காப்பி பேஸ்ட் செய்த உரைக்கு இந்த வசதி கிடையாது. ஒட்டிய மறுகணமே அது மூலத்தோடு உறவறுத்துக்கொள்கிறது; எங்கிருந்து வந்தது என்பது ஒட்டியவருக்கே ஆறு மாதத்தில் மறந்துபோகும்.

யோசனை புதியது அன்று. 1970-களின் யூனிக்ஸ் கணினிகளில் கட்டளைகளுக்கான கையேட்டுப் பக்கங்களை வடிவமைத்த ராஃப் மென்பொருளிலேயே, இன்னொரு கோப்பை அப்படியே இங்கே இழுத்துக்கொள் என்று சொல்லும் ஒரு வரிக் கட்டளை உண்டு. இரண்டு பெயரில் அழைக்கப்படும் ஒரே கட்டளைக்கு இரண்டு பக்கம் எழுதாமல், ஒன்றில் முழு விளக்கமும் மற்றொன்றில் அந்த ஒற்றை வரியும் வைத்தார்கள். 1986-இல் பன்னாட்டுத் தரமாக வந்த எஸ்.ஜி.எம்.எல். மொழியில், நிறுவனத்தின் பெயர் போன்ற சொற்களுக்கு ஒரு குறியீடு கொடுத்து, அதன் மதிப்பை ஓரிடத்தில் மட்டும் எழுதும் வசதி இருந்தது. ஒரு ஆவணத்தின் பகுதி இன்னொன்றில் அதே உயிரோடு தோன்றுவதற்கு ‘டிரான்ஸ்குளூஷன்’ என்று பெயர் வைத்தவர் டெட் நெல்சன். ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல்லும் அவர் தந்ததுதான்.

இந்தப் பகிர்வு எங்கே அவசியமாகிறது என்று பார்க்க, பல்லாவரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் வரை போய், வாலாஜாபாத் சாலையில் மேற்கே திரும்பினால் போதும். ஒரகடத்தில் ரெனோவும் நிஸானும் கூட்டாக அமைத்த கார் ஆலை 2010-இல் திறந்தது. அங்கே தயாரான கார்களில் பல இரட்டைப் பிள்ளைகள். நிஸான் மைக்ராதான் ரெனோவின் சின்னத்தோடு பல்ஸ் ஆனது. நிஸான் சன்னி, ஸ்காலா ஆனது. எதிர்த்திசையில், 2012-இல் வந்த ரெனோ டஸ்டர், 2013-இல் நிஸான் டெரானோவாகவும் சந்தைக்கு வந்தது. முகப்பும் சின்னமும் விளக்கும் வேறு, அடித்தளமும் 1.5 லிட்டர் டீசல் இன்ஜினும் ஒன்று.

வண்டி இரண்டு என்பதால் உரிமையாளருக்கான கையேடும் இரண்டு. இரண்டிலும் பஞ்சரான சக்கரத்தை மாற்றும் பகுதி வர வேண்டும். சமதளத்தில் நிறுத்து, ஹேண்ட் பிரேக் போடு, ஸ்டெப்னியை இறக்கு, வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்து, பிறகு ஜாக்கியைப் பொருத்தித் தூக்கு. இந்த வரிசையில் டஸ்டருக்கும் டெரானோவுக்கும் பேதம் இருக்க வழியில்லை. ஜாக்கி வைக்கும் இடத்தைக் காட்டும் படத்தில்கூட, காரின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தால் போதும். மாறுவது காரின் பெயர், உதவி எண், நிறுவனத்தின் முத்திரை. ஆகவே இந்தப் பகுதியைப் பொதுவில் எழுதிவிட்டு, பெயரும் எண்ணும் வரும் இடங்களை மட்டும் வெற்றிடமாக விடலாம். டஸ்டர் கையேட்டை வெளியிடும்போது ஒரு பட்டியலிலிருந்தும், டெரானோ கையேட்டுக்கு இன்னொரு பட்டியலிலிருந்தும் அந்த வெற்றிடங்கள் நிரம்பும்.

பழுதான வண்டியைக் கட்டி இழுக்கும் பகுதி இவ்வளவு சுலபம் இல்லை. 2014-இல் டஸ்டருக்கு நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் ஆல் வீல் டிரைவ் வகை வந்தது, டெரானோவுக்கு வரவில்லை. முன்சக்கரத்துக்கு மட்டும் விசை போகும் வண்டியை, முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரங்கள் தரையில் உருள இழுத்துப் போகலாம். ஆல் வீல் டிரைவ் வண்டியை அப்படி இழுத்தால் விசை கடத்தும் பாகங்கள் கெட்டுவிடும். நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் லாரியில் ஏற்ற வேண்டும். அதுவரை இரண்டு காருக்கும் பொருந்திய ஒரு பத்தி, புதிய வகை வந்த அன்றே ஒரு காரின் ஒரு வகைக்குப் பொய்யாகிறது. பொதுப் பகுதியில் திருத்தினால் டெரானோ வாங்கியவருக்குத் தன் வண்டியில் இல்லாத ஒன்றைப் பற்றிய எச்சரிக்கை போய்ச் சேரும். திருத்தாமல் விட்டால் டஸ்டர்காரருக்குச் செலவு. இதற்காகவே வாக்கியத்துக்கோ பத்திக்கோ ஒரு அடையாளம் ஒட்டிவைக்கும் முறை வந்தது: ‘ஆல் வீல் டிரைவுக்கு மட்டும்’ என்று குறித்த பத்தி, அந்த வகைக்கான கையேட்டில் மட்டும் அச்சாகும், மற்றவற்றில் வடிகட்டப்படும்.

பொதுப் பகுதியை இழுத்துக்கொள்வது, வெற்றிடத்தை நிரப்புவது, பொருந்தாததை வடிகட்டுவது ஆகிய இந்த மூன்று வேலைக்கும் இன்று பரவலாகப் பயன்படும் கட்டமைப்பு டிட்டா. ஐ.பி.எம். நிறுவனம் தன் சொந்தக் கையேடுகளுக்காக எக்ஸ்.எம்.எல். என்ற குறியீட்டு மொழியின் அடிப்படையில் உருவாக்கி 2001-இல் வெளியிட்டது. பிறகு ஒயாசிஸ் என்ற தர அமைப்பிடம் ஒப்படைத்தது. 2005-இல் முதல் தரம் வந்தது. பெயரில் உள்ள முதல் எழுத்து டார்வினைக் குறிக்கிறது என்பது பலருக்குத் தெரியாது: ஒரு பொது வகையிலிருந்து சிறப்பு வகைகள் கிளைத்து, தாயின் குணங்களை மரபாகப் பெறும் அமைப்பு என்பதால் அந்தப் பெயர். டிட்டாவில் கையேடு என்று ஒரு முழுக் கோப்பு இருக்காது. ஒரு விஷயத்துக்கு ஒரு கோப்பு என்று நூற்றுக்கணக்கில் சிறு கோப்புகள் இருக்கும். எந்தக் கோப்பு எந்த வரிசையில் என்று சொல்லும் ‘மேப்’ ஒன்று தனியாக இருக்கும். டஸ்டருக்கு ஒரு மேப், டெரானோவுக்கு ஒரு மேப், கோப்புகள் பொது.

தொடக்கத்தில், இழுக்க வேண்டிய பத்தியின் கோப்புப் பெயரையும் அதற்குரிய அடையாள எண்ணையும் நேரடியாக எழுத வேண்டியிருந்தது. கோப்பை இன்னொரு அடைவுக்கு மாற்றினால் அதைச் சுட்டிய இடங்கள் எல்லாம் அறுந்துபோகும். 2010-இல் வந்த 1.2 பதிப்பு இதற்கு விடை சொன்னது. எழுதுபவர் கோப்பின் பெயரைச் சொல்லாமல் ‘உதவி-எண்’ போன்ற ஒரு சாவிச்சொல்லை மட்டும் எழுதுவார். அது எதைக் குறிக்கிறது என்பதை மேப் தீர்மானிக்கும். ஒரே பத்தி, ஒரு மேப்பில் ரெனோவின் எண்ணையும் இன்னொன்றில் நிஸானின் எண்ணையும் காட்டுவது இப்படித்தான். பல திட்டங்களுக்கு இடையிலான பகிர்வு நடைமுறைக்கு வந்ததில் இந்தச் சிறு மாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த இந்த ஏற்பாடு தமிழில் ஒரு முட்டுச்சந்தில் வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லை வெற்றிடத்தில் போட்டால் வேலை முடிந்தது. தமிழில் பெயரோடு வேற்றுமை உருபு ஒட்ட வேண்டும். டஸ்டர் ‘டஸ்டரை’ ஆகும், டெரானோ ‘டெரானோவை’, சன்னி ‘சன்னியை’. உடம்படுமெய் வகரமா யகரமா என்பது பெயரின் கடைசி எழுத்தைப் பொறுத்தது. வெற்றிடத்துக்குள் எந்தப் பெயர் வரும் என்பது எழுதுபவருக்குத் தெரியாது. மென்பொருளிடம் விட்டால் ‘டெரானோஐ நிறுத்தவும்’ என்று அச்சாகும். இப்படிப்பட்ட தொடர்களைக் கைபேசிச் செயலிகளின் தமிழ்ப் பதிப்பில் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. வழி ஒன்று உண்டு: உருபைத் தாங்க ஒரு பொதுப்பெயரைக் கூடவே எழுதிவிடுவது. ‘டஸ்டர் காரை’, ‘டெரானோ காரை’, ‘சன்னி காரை’ என்று உருபு எப்போதும் ‘கார்’ என்ற சொல்லிலேயே விழும். முன்னால் எந்தப் பெயர் வந்தாலும் வாக்கியம் உடையாது. இந்த ஒழுங்கை மொழிபெயர்ப்பாளரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பாதி வேலை முடிந்த பிறகு சொன்னால், செய்ததை எல்லாம் மறுபடி செய்ய நேரும்.

மொழிபெயர்ப்பில் பகிர்வு தரும் லாபமும் பெரிது. மொழிபெயர்ப்புக்குச் சொல் கணக்கில் கூலி. பத்துக் கையேடுகளில் வரும் பொதுப் பகுதியை ஒருமுறை மொழிபெயர்த்தால் போதும். அதைவிட முக்கியம், ஒரே எச்சரிக்கை பத்து மொழிபெயர்ப்பாளரின் கையில் பத்து விதமாகத் திரியாமல் இருப்பது.

எழுதும் முறையும் மாறியாக வேண்டும். தனிக் கையேடு எழுதுபவர் ‘மேலே சொன்னபடி’, ‘அடுத்த பக்கத்திலுள்ள படத்தில்’, ‘முன்பு கழற்றிய மூடியை’ என்று இயல்பாக எழுதுவார். அதே பத்தியைப் பொதுவில் வைத்தால் மேலே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கையேட்டில் முன் பகுதி மூடியைக் கழற்றுவது. மற்றொன்றில் மூடியே இல்லாத மாடல். பகிரப்படும் பத்தி தன்னந்தனியே நின்று பொருள் தர வேண்டும். ‘எனவே’, ‘ஆனால்’ என்று தொடங்கும் பத்தியைப் பகிர முடியாது. முந்தைய பத்தி எங்கே என்று வாசகர் தேடுவார். இதற்கு விலையும் உண்டு. இணைப்புச் சொற்கள் எல்லாம் உதிர்ந்த நடை வறண்டுபோகிறது. பல கையேடுகளின் மொழி கல்லைக் கடிப்பது போல இருப்பதற்கு எழுதியவரின் திறமைக் குறைவே எப்போதும் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

எந்த அளவுக்குத் துண்டு போடுவது என்பதில் ஆர்வக்கோளாறு அதிகம். ‘பொத்தானை அழுத்தவும்’ என்ற வாக்கியம் நானூறு இடத்தில் வருகிறது என்று கண்டுபிடித்து, அதையும் பொதுச்சேமிப்பில் வைத்து, நானூறு குறிப்புகளால் இணைக்கும் குழுக்கள் உண்டு. அது வீண்வேலை. அந்த வாக்கியத்தைத் தேடி எடுக்கும் நேரத்தில் பத்து முறை தட்டச்சு செய்யலாம். பகிர்வுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க ஒரே கேள்வி போதும்: ஓரிடத்தில் இது மாறினால் மற்ற இடத்திலும் மாறியே ஆக வேண்டுமா? டயரின் காற்றழுத்த அளவு, மின்னழுத்த எச்சரிக்கை, சட்டப்படி அச்சிட வேண்டிய அறிவிப்பு ஆகியவற்றுக்கு விடை ‘ஆம்’. இரண்டு கையேட்டின் முன்னுரைகள் இன்று ஒன்றுபோல இருப்பது தற்செயல். நாளை ஒன்றை மாற்ற நினைப்பவர் மற்றதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அங்கே காப்பி பேஸ்ட் குற்றமில்லை.

இந்தக் கேள்வியை மிகக் கடுமையாக எடுத்துக்கொண்ட துறை விமானத் துறை. பல்லாவரத்துக்குப் பக்கத்திலேயே சென்னை விமான நிலையம் இருப்பதால் உதாரணம் தலைக்கு மேலேயே பறக்கிறது. விமானப் பராமரிப்பு ஆவணங்களுக்குப் பொது எண் வரிசை 1956-இலேயே அமெரிக்க விமானப் போக்குவரத்துச் சங்கத்தால் வந்துவிட்டது. அந்த வரிசையில் 32 என்றால் சக்கரத் தொகுதி, 29 என்றால் ஹைட்ராலிக் அமைப்பு. எந்த நிறுவனத்தின் விமானமானாலும் மெக்கானிக் 32-ஆம் அத்தியாயத்தைத் திறந்தால் சக்கரம்தான். ஐரோப்பிய விமானத் தொழில் சங்கம் 1980-களில் தொடங்கி, 1989-இல் முதல் பதிப்பாக வெளியிட்ட எஸ்1000டி தரம், இதே எண்ணத்தை அத்தியாயத்திலிருந்து சிறு பகுதி அளவுக்குக் கொண்டுபோனது. அதில் ஒவ்வொரு சிறு பகுதிக்கும் நீளமான ஒரு எண் உண்டு. எந்த வகை விமானம், எந்த அமைப்பு, எந்த உட்பகுதி என்பதோடு, என்ன மாதிரித் தகவல் என்பதும் எண்ணிலேயே இருக்கும்: 040 விளக்கம், 520 கழற்றும் முறை, 720 பொருத்தும் முறை. எண்ணைப் படித்தே பகுதியின் உள்ளடக்கத்தைச் சொல்லிவிடலாம். ஒரு விமானம் போய் வேறு விமானம் வந்தாலும், கப்பலோ பீரங்கி வண்டியோ வந்தாலும், எண் அமைப்பு மாறாது. இன்று ராணுவத் தளவாடங்கள் பலவற்றுக்கும் இந்தத் தரமே பயன்படுகிறது.

விமானத்தில் வடிகட்டும் முறையும் உயிர்காக்கும் விஷயம். இண்டிகோவின் ஏ320 நியோ விமானங்களில் சிலவற்றில் பிராட் அண்ட் விட்னி இன்ஜின், சிலவற்றில் சி.எஃப்.எம். லீப் இன்ஜின். வெளியில் நின்று பார்க்கும் பயணிக்கு வேறுபாடு தெரியாது. இன்ஜினைத் திறக்கும் மெக்கானிக்குக் கையேட்டின் சரியான பக்கம் தெரிந்தாக வேண்டும். ஆகவே பராமரிப்புக் கையேட்டின் ஒவ்வொரு பகுதியும் எந்த வரிசை எண் கொண்ட விமானங்களுக்குப் பொருந்தும் என்ற குறிப்போடுதான் வரும். இறக்கையும் சக்கரமும் பொதுப்பகுதி. இன்ஜின் சார்ந்தது மட்டும் பிரியும்.

பகிர்வில் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது: மூலத்தில் மாற்றியது மற்றவர்களுக்கு எப்போது போய்ச் சேர வேண்டும்? உடனே என்றால், ஒரு திட்டத்துக்காகச் செய்த திருத்தம் தயாராகாத இன்னொரு திட்டத்தின் கையேட்டில் குதித்துவிடும். அவரவர் விருப்பம் என்றால், ஒரே நாளில் நான்கு கையேடு நான்கு விதமாகப் பேசும். வான்வழித் தகவல் துறை இதற்குக் கண்ட தீர்வு அழகானது. ஒரு விமான நிலையத்தின் ஓடுபாதை நீளம், வானொலி அலைவரிசை, தடைகளின் உயரம் போன்ற தகவல்கள் எத்தனையோ இடங்களில் தேவைப்படுகின்றன. இந்தியாவில் விமான நிலையங்கள் ஆணையம் வெளியிடும் அதிகாரபூர்வத் தொகுப்பு, விமானிகளின் வரைபடம், விமானத்துக்குள்ளிருக்கும் கணினி, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குறிப்பேடு ஆகிய எல்லாம் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். இதற்காக உலகம் முழுவதற்கும் பொதுவான தேதிகள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கின்றன. 28 நாளுக்கு ஒருமுறை, எப்போதும் வியாழக்கிழமை. திட்டமிட்டுச் செய்யும் முக்கிய மாற்றம் அந்தத் தேதிகளில்தான் அமலாகும். தகவல் குறைந்தது 28 நாள் முன்னதாகப் பெறுபவர் கைக்குக் கிடைத்திருக்க வேண்டும். வியாழன் பிறக்கும் அந்தக் கணத்தை உலகப் பொது நேரப்படி கணக்கிடுகிறார்கள். இந்தியாவில் அப்போது விடிகாலை 5.30 மணி. சென்னையின் மாற்றம் சிங்கப்பூரில் இருந்து கிளம்பும் விமானத்தின் கணினியிலும் அதே கணத்தில் பழையதைத் தள்ளி உட்காரும்.

மென்பொருள் நிறுவனங்கள் இதே சிக்கலை வேறு வழியில் அவிழ்க்கின்றன. தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் ஏற்றுமதி வளாகமாகத் தொடங்கிய மெப்ஸில் தொடங்கி, கூடுவாஞ்சேரியை அடுத்த வல்லாஞ்சேரியில் உள்ள ஜோஹோ வரை, ஜி.எஸ்.டி. சாலையில் அத்தகைய நிறுவனங்கள் பல உண்டு. மின்னஞ்சல், கணக்குப் புத்தகம், வாடிக்கையாளர் மேலாண்மை என்று பல செயலிகளை ஒரே நிறுவனம் விற்று, எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கில் நுழையவிட்டால், கடவுச்சொல் மறந்தால் என்ன செய்வது என்ற பகுதி ஒவ்வொரு செயலியின் உதவிப் பக்கத்துக்கும் பொது. புரோகிராமர்கள் நிரலைச் சேமிக்கும் கிட் மென்பொருளிலேயே உதவிப் பக்கங்களையும் வைக்கும் பழக்கம் இன்று பரவலாகிவிட்டது. அதில் பொதுப் பகுதிகளுக்கு ஒரு களஞ்சியம் தனியாக வைத்து, மற்ற திட்டங்கள் அதைத் துணைக்களஞ்சியமாகச் சேர்த்துக்கொள்ளலாம். துணைக்களஞ்சியம் மூலத்தின் ஒரு குறிப்பிட்ட நிலையைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. மூலம் முன்னேறினாலும், அந்தத் திட்டத்தின் பொறுப்பாளர் வந்து ‘இனி இந்த நிலை’ என்று நகர்த்தும் வரை பழையதே நிற்கும். திடீர் மாற்றத்தால் எதுவும் உடையாது. நகர்த்த மறந்தால் பழைய எச்சரிக்கை ஆண்டுக்கணக்கில் தூங்கும். இரண்டில் எதற்கு அஞ்சுவது என்பதைப் பொருளின் தன்மை சொல்லும்: புகைப்படச் செயலிக்கு இந்த வழி போதும், மின்சார அடுப்புக்குப் போதாது.

உரையை இழுக்காமல் சுட்டி மட்டும் கொடுத்துவிடும் முறையும் உண்டு; பல சமயம் அதுவே நல்ல வழி. பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக 2008-இல் வெளிவந்த ஸ்ஃபிங்க்ஸ் கருவியில், ஒவ்வொரு திட்டமும் தன்னிடமுள்ள தலைப்புகள், செயல்கூறுகள் அனைத்துக்கும் ஒரு அட்டவணைக் கோப்பைத் தானே தயாரித்து வெளியிடும். இன்னொரு திட்டம் அந்த அட்டவணையைப் படித்துவிட்டு, பெயரை மட்டும் எழுதினால் சரியான முகவரிக்கு இணைப்பு கிடைக்கும். பக்கம் இடம் மாறினாலும், அடுத்த முறை அட்டவணையைப் படிக்கும்போது இணைப்பு தானே சரியாகும்.

பகிர்வு செய்யும் மாயத்தைத் தமிழ் வாசகர்கள் தினமும் பார்க்கும் இடம் விக்கிப்பீடியா. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் வார்ப்புரு என்ற பெயரில் வழங்குவது இதே பொதுப்பகுதிதான். ஆயிரம் ஊர்க் கட்டுரைகளின் அடியில் தோன்றும் மாவட்டப் பட்டியல் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டது. அங்கே ஒரு ஊரைச் சேர்த்தால் ஆயிரத்திலும் சேரும். மொழிகளுக்கு இடையிலான இணைப்புகள் இன்னும் தெளிவான கணக்கு. ஒரு ஊரைப் பற்றி 50 மொழிகளில் கட்டுரை இருந்தால், முன்பெல்லாம் ஒவ்வொன்றின் அடியிலும் மற்ற 49 மொழிகளின் இணைப்பையும் எழுத வேண்டும். மொத்தம் 2,450 வரிகள். ஒரு மொழியில் தலைப்பை மாற்றினால் 49 இடங்களில் திருத்த வேண்டும். அதற்கென்றே ராப்பகலாகத் தானியங்கிகள் ஓடிக்கொண்டிருந்தன. 2012 அக்டோபரில் விக்கித்தரவு தொடங்கியது. 2013 மார்ச்சுக்குள் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் இணைப்புகளை அங்கிருந்து எடுக்கத் தொடங்கின. 2,450 வரிகள் 50 ஆயின. பல்லாவரம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்ற தகவலும் இப்போது அங்கே ஒரு வரிதான். அதை எடுத்துக்கொள்ளும் வார்ப்புரு இருக்கும் மொழிகளில் ஒரே திருத்தம் போதும். வார்ப்புரு இல்லாமல் கையால் எழுதிய மொழிகளில் காஞ்சிபுரம் மாவட்டம் தங்கிவிடுவது இயல்பே.

இத்தனை கருவியும் இருந்தும் பகிர்வு தோற்கும் இடம் பெரும்பாலும் மனிதர்களிடம். பொதுப் பத்தி யாருடையது? எல்லோருக்கும் சொந்தம் என்றால் யாரும் பராமரிப்பதில்லை. ஒரு திட்டத்தின் எழுத்தாளர் தன் அவசரத்துக்குப் பொதுப் பத்தியைத் திருத்த, அடுத்த கட்டடத்தில் உள்ள குழுவின் கையேடு பிழையாகி வெளியே போகும். ஆகவே பகிரப்படும் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். திருத்துவதற்கு முன் அது எங்கெல்லாம் பயன்படுகிறது என்ற பட்டியல் கண்ணில் பட வேண்டும். ஆவணங்களை நிர்வகிப்பதற்கென்றே விற்கப்படும் மென்பொருள்கள் அந்தப் பட்டியலைத் தானே காட்டும். சிறு குழுவுக்கு அந்த விலை கட்டாது; பகுதியின் தலையில் பயன்படுத்துவோரின் பெயரை எழுதிவைப்பதே போதும், எழுதும் பழக்கம் இருந்தால். பொறுப்பாளர் வேலையை விட்டுப் போகும்போது பகுதிகளை யாரிடம் ஒப்படைக்கிறார் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இது நடக்காத நிறுவனங்களில் பொதுச்சேமிப்பு மூன்று நான்கு ஆண்டில் யாரும் தொட அஞ்சும் குப்பைமேடாகி, புதிதாக வருபவர் மறுபடியும் காப்பி பேஸ்ட் செய்யத் தொடங்குகிறார்.

இரண்டு நிறுவனங்களுக்கு இடையே பகிரும்போது உரிமம் குறுக்கிடும். இலவச மென்பொருள் கையேடுகளுக்கென்று வந்த ஜி.எஃப்.டி.எல். உரிமத்தில், மாற்றக் கூடாத பகுதிகள் என்று சிலவற்றைக் குறிக்க இடமுண்டு. இருபது பக்கம் எடுத்துக்கொள்பவர் அந்தப் பகுதிகளையும் சுமந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பகுதிகள் கொண்ட கையேடுகள் சுதந்திரமானவை ஆகா என்று டெபியன் என்ற இலவச மென்பொருள் குழு 2006-இல் வாக்கெடுத்து முடிவு செய்தது. அந்த உரிமத்தின்கீழ் தொடங்கிய விக்கிப்பீடியாவும் 2009-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு மாறியது. பெயர் சொல்லி, அதே உரிமத்தில் வெளியிட்டால் எவரும் எடுத்தாளலாம்.

பொருள் சந்தையை விட்டுப் போன பிறகும் கையேடு போவதில்லை. பி.எஸ்.-6 மாசு விதி வந்த 2020-இல் டெரானோ நின்றது. 2022-இல் டஸ்டரும் இந்திய விற்பனையிலிருந்து விலகியது. ஆனால் இரண்டு வண்டிகளும் இன்னும் ஜி.எஸ்.டி. சாலையில் ஓடுகின்றன, பஞ்சரும் ஆகின்றன. 2014-இல் கார் வாங்கியவருக்கு 2014-இன் கையேடு வேண்டும். பொதுப் பகுதி அதற்குப் பிறகு புதிய மாடலுக்காகப் பலமுறை திருத்தப்பட்டிருக்கும். அந்தத் திருத்தங்களைப் பழைய கையேடு தானே இழுத்துக்கொண்டால், காரில் இல்லாத பொத்தானை அழுத்தச் சொல்லும். அதனால் ஒவ்வொரு வெளியீட்டின்போதும் எல்லாக் குறிப்புகளையும் உரையாக நிரப்பிய முழுப் பிரதி ஒன்றை எடுத்து, இனி எவரும் திருத்த முடியாதபடி பூட்டி, ஆண்டைக் குறித்துக் காப்பகத்தில் வைத்துவிட வேண்டும். பாதுகாப்பு தொடர்பான திருத்தம் பழைய வண்டிக்கும் பொருந்துவதாக இருந்தால், அதைத் தனி அறிவிப்பாக அனுப்புவதே சரி.